டி-நாட் முடிவிலி என்றால் வெப்பநிலை லேசரைத் தொடவே இல்லை என்று பொருளா?

#1 ஒளித்துகள்

அனைவருக்கும் வணக்கம். முதுநிலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்கு குவாண்டம் புள்ளி லேசர்களை (எலக்ட்ரான்களை நானோமீட்டர் அளவுப் படிகக் குவியல்களில் அடைத்து ஒளி எடுப்பவை) எடுத்திருக்கிறேன். காலியம் ஆர்சனைடு மேல் வளர்த்த இண்டியம் ஆர்சனைடு புள்ளிகள், 1.3 மைக்ரோமீட்டரில் ஒளிர்பவை. மூன்று வாரமாகப் படித்தும் ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

1982-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அரகாவாவும் சகாகியும் சொன்னது நன்றாகவே புரிந்தது. எலக்ட்ரானை மூன்று திசையிலும் அடைத்துவிட்டால் அதற்குத் தனித்தனி ஆற்றல் நிலைகள்தான் மிஞ்சும். வெப்பநிலை ஏறினாலும் அது பரவிப்போக இடமில்லை. ஆகவே பயன்தொடக்க மின்னோட்டம் (த்ரெஷோல்டு, அதாவது லேசர் ஓடத் தொடங்கத் தேவையான குறைந்தபட்ச மின்னோட்டம்) வெப்பநிலையோடு சேர்ந்து ஏறாது. அன்றைக்கு அப்படிப்பட்ட லேசரைச் செய்ய வழி இல்லை. அதனால் சாதாரண லேசரை 30 டெஸ்லா காந்தப்புலத்தில் வைத்து எலக்ட்ரான்களை நெருக்கிப் பார்த்தார்கள். டி-நாட், அதாவது அந்த மின்னோட்டம் சூட்டோடு எவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்று காட்டும் எண், 144-இலிருந்து 313-க்கு ஏறியது.

2004-இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு, பி-வகை மாசூட்டிய (துளைகளை, அதாவது எலக்ட்ரான் இல்லாத நேர்மின் காலியிடங்களைக் கூட்டும் வேற்றணுக்கள் சேர்த்த) 1.3 மைக்ரோமீட்டர் புள்ளி லேசரில் 5 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை டி-நாட் முடிவிலி என்று வெளியிட்டது. “1982-இன் கணிப்பு 22 ஆண்டுகளில் நிறைவேறியது” என்று அறிக்கையில் எழுதினேன். வழிகாட்டி அந்த வரியைச் சுழித்து, பக்கத்தில் “தவறு, யோசி” என்று மட்டும் எழுதித் தந்திருக்கிறார். இரண்டு நாளாக யோசிக்கிறேன். எங்கே தவறு?

#2 குளிர்கலன்

தம்பி, உங்கள் வழிகாட்டி சொன்னது சரி. நான் பல வருடம் கிரையோஸ்டாட் பக்கத்திலேயே உட்கார்ந்து இந்த அளவீடுகளைச் செய்தவன், அதனால் அளவீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

டி-நாட் என்பது ஓர் இயற்பியல் மாறிலி இல்லை. த்ரெஷோல்டு மின்னோட்டம் வெப்பநிலையோடு ஈ-யின் அடுக்காக ஏறுகிறது என்று வைத்துக்கொண்டு, வளைவின் ஒரு துண்டுக்குக் கோடு போட்டு எடுக்கும் எண் அது. டி-நாட் 41 கெல்வின் என்றால், 20-இலிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது மின்னோட்டம் சுமார் 4.3 மடங்காகும். 161 என்றால் 1.45 மடங்கு. முடிவிலி என்றால் அதே மின்னோட்டம். அவ்வளவுதான் அது சொல்லும். உள்ளே எலக்ட்ரானும் துளையும் எப்படி இணைகின்றன, எத்தனை ஒளியாக மாறுகின்றன, எத்தனை வீணாகின்றன என்பதைப் பற்றி அந்த எண்ணில் ஒரு தகவலும் கிடையாது.

வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதமும் ஒரே தொகை வந்தது என்று வையுங்கள். ஃபேன் ஓடியது குறைந்து மோட்டார் ஓடியது கூடியிருக்கலாம். மொத்தத்தை மட்டும் பார்த்து வீட்டில் எதுவும் மாறவில்லை என்று சொல்ல முடியாதில்லையா? மிச்சிகன் லேசரில் நடந்தது கிட்டத்தட்ட அதுதான். 1982 கணிப்பில் மாறுவதற்கே எதுவும் இல்லை. 2004-இல் மாறியவை ஒன்றை ஒன்று ஈடுகட்டின.

#3 மின்துளை

குளிர்கலன் சாரோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நான் கணக்குப் பக்கம் வேலை செய்பவள், எனவே புள்ளியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சேர்க்கிறேன்.

அரகாவா–சகாகி கணக்கில் புள்ளியின் சுவர் ஏறவே முடியாத உயரம். நிலைகள் நன்றாக விலகி நிற்கும். எலக்ட்ரானும் துளையும் ஒளி தராமல் சேரும் மறுஇணைவு கணக்கில் இல்லை. நம் கையில் இருக்கும் புள்ளி வேறு. இரண்டு படிகங்களுக்கும் அணிக்கோவை அளவில் சுமார் 7 சதவீதம் பொருத்தமின்மை இருப்பதால், படியும் இண்டியம் ஆர்சனைடு சில அணு அடுக்குகளுக்குள் தானாகத் திரண்டு குவியல்களாகிறது. அடிப்பகுதி 15, 20 நானோமீட்டர், உயரம் சில நானோமீட்டர். அடியில் திரளாத மெல்லிய படலம் ஒன்று மிஞ்சுகிறது, அதுதான் வெட்டிங் லேயர். அங்கே ஊர்திகளுக்கு (எலக்ட்ரான்களுக்கும் துளைகளுக்கும்) நிலைகள் ஏராளம்.

இப்போது எண்களைப் பாருங்கள். எலக்ட்ரானின் முதல் இரண்டு நிலைகளுக்கு இடையே 60, 70 மில்லி எலக்ட்ரான்வோல்ட் இருக்கும். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் 26. ஆகவே எலக்ட்ரான் ஓரளவு கீழ்நிலையிலேயே இருக்கும். துளையின் கதை அப்படி இல்லை. அதன் நிறை அதிகம், நிலைகள் 10 மில்லி எலக்ட்ரான்வோல்ட் அளவு இடைவெளியில் நெருக்கமாக அடுக்கியிருக்கும். அறை வெப்பநிலையிலேயே துளைகள் பல நிலைகளில் சிதறிவிடும். ஒளி தர வேண்டிய கீழ்நிலையில் துளை போதாது. போதிய ஒளிப்பெருக்கம் வர, கூடுதலாக ஊர்திகளைச் செலுத்த வேண்டியிருக்கிறது. செலவு அங்கேதான் ஏறத் தொடங்குகிறது.

அடுத்தது தப்பித்தல். ஒரு தோராயக் கணக்கு போடுவோம். வெட்டிங் லேயரிலிருந்து புள்ளிக்குள் விழ 10 பிகோவினாடி, ஏறி வெளியேற 150 மில்லி எலக்ட்ரான்வோல்ட் தடை என்று வையுங்கள். 77 கெல்வினில் தப்பிக்கும் நேரம் கிட்டத்தட்ட 0.07 வினாடி. அதாவது தப்பிக்காது, ஏனென்றால் ஒளியாக இணைய சுமார் 1 நானோவினாடி போதும். 300 கெல்வினில் அது 3 நானோவினாடி ஆகிவிடுகிறது. 85 டிகிரி செல்சியஸில் 1.3 நானோவினாடி. வெட்டிங் லேயரின் நிலைகள் புள்ளிகளின் நிலைகளைவிடப் பத்து மடங்குக்கும் மேல் என்பதையும் சேர்த்தால் இன்னும் பத்தில் ஒரு பங்காகக் குறையும். அறை வெப்பநிலையில் எலக்ட்ரான் ஒளியாக மாறுவதற்குள் பல தடவை வெளியே போய் உள்ளே வந்துவிடும். மூன்று பக்கமும் அடைத்த பெட்டி என்ற படம் அங்கேயே உடைந்துபோகிறது.

#4 ஒளித்துகள்

அக்கா, சார், இருவருக்கும் நன்றி. தப்பிக்கும் நேரத்தை நானும் போட்டுப் பார்த்தேன், அதே விடைதான்.

ஆனால் இன்னொரு குழப்பம். சில கட்டுரைகளில் 100 கெல்வினிலிருந்து 200 கெல்வினுக்குப் போகும்போது த்ரெஷோல்டு குறைகிறது. டி-நாட் எதிர்மறை! சூடாக்கினால் லேசர் எப்படி மேம்படும்?

#5 குளிர்கலன்

இதை முதல் தடவை திரையில் பார்த்தபோது வெப்பமானியின் வயர்களை மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பூட்டினேன். அளவீடு சரியாகத்தான் இருந்தது.

புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரியதில் ஆற்றல் குறைவு, சிறியதில் அதிகம். மொத்த உமிழ்வும் 30, 40 மில்லி எலக்ட்ரான்வோல்ட் அகலத்துக்குப் பரவியிருக்கும். ஆழ்ந்த குளிரில் ஊர்தி எந்தப் புள்ளியில் விழுந்ததோ அங்கேயே கிடக்கும். பெரியது, சிறியது எல்லாம் ஏறக்குறைய சமமாக நிறையும். லேசர் ஓடும் அலைநீளத்துக்கு உதவாத புள்ளிகளிலும் மின்னோட்டம் போய்ச் சேருகிறது. சூடு கொஞ்சம் ஏறியதும் சிறிய புள்ளிகளில் இருப்பவை எகிறி வெட்டிங் லேயர் வழியாகப் பெரிய புள்ளிகளுக்கு வந்து சேர்கின்றன. வேண்டிய இடத்தில் கூட்டம் கூடுவதால் குறைந்த மின்னோட்டமே போதுமாகிறது. அந்த இறக்கம் இதுதான்.

இன்னும் ஏற்றினால் பெரிய புள்ளியிலிருந்தும் எகிறத் தொடங்கும். அப்புறம் வளைவு மேலே திரும்பும். ஆகவே 20 கெல்வினிலிருந்து 370 கெல்வின் வரை முழு வளைவையும் பார்த்தால் ஓர் இறக்கம், ஒரு குழி, ஓர் ஏற்றம். எந்தத் துண்டில் கோடு போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து டி-நாட் எதிர்மறையாகவும் வரும், முடிவிலியாகவும் வரும், 50-ஆகவும் வரும். குழியின் அடியில் யார் கோடு போட்டாலும் முடிவிலிதான்!

அலைமாலையிலும் (ஸ்பெக்ட்ரம்) இதைப் பார்க்கலாம். குளிரில் ஒவ்வொரு புள்ளியும் தன் போக்கில் லேசராகும், அலைமாலை அகலமாக இருக்கும். அறை வெப்பநிலையில் ஒவ்வொரு புள்ளியின் கோடும் தடித்து ஒன்றோடொன்று மேற்பொருந்தும். அப்போது பல புள்ளிகள் சேர்ந்து குறுகிய பட்டையில் ஒளிர்கின்றன.

#6 நெடுவழி

நான் ஒளியிழைத் தொடர்புத் துறையில் இருக்கிறேன். குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும்.

எங்களுக்கு 85 டிகிரியில் லேசர் ஓடுமா, எவ்வளவு மின்னோட்டம் குடிக்கும் என்பது மட்டும்தான் கேள்வி. டேட்டா சென்டரில் சூடான சிப்புக்கு மிக அருகே லேசரை வைக்க வேண்டியிருக்கிறது. பெல்டியர் குளிர்விப்பான் வைத்தால் லேசர் எடுப்பதைவிட அது எடுக்கும் மின்சாரமே அதிகமாகிவிடும் நேரங்கள் உண்டு. இண்டியம் பாஸ்பைடு குவாண்டம் கிணறு லேசர்களின் (எலக்ட்ரானை ஒரு திசையில் மட்டும் அடைப்பவை) டி-நாட் 50, 70 என்று நின்றுவிடும்போது, புள்ளி லேசர் 2002-இலேயே பி-மாசூட்டலால் 0 முதல் 80 டிகிரி வரை 161 கொடுத்தது. 2011-இல் ஜப்பானில் 1.3 மைக்ரோமீட்டர் பக்கத்தில் ஒரு புள்ளி லேசர் 220 டிகிரி செல்சியஸில் தொடர்ச்சியாக ஓடியது. உள்ளே எது எதை ஈடுகட்டினால் என்ன? வளைவு தட்டையாக இருந்தால் பொறியாளருக்குப் போதும் என்பது என் கருத்து.

#7 மின்துளை

நெடுவழி, உங்கள் தேவை நியாயமானது. ஆனால் காரணம் தெரியாமல் தட்டை வளைவை நம்பினால் வடிவமைப்பில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரே வேஃபரில் (லேசர்களை வெட்டியெடுக்கும் படிகத் தட்டு) இரண்டு நீளத்தில் லேசர் வெட்டினால் இரண்டுக்கும் டி-நாட் வேறுபடும். குட்டையான லேசரில் கண்ணாடி முகங்களில் இழப்பு அதிகம், எனவே ஒளிப்பெருக்கம் அதிகம் வேண்டும், ஊர்தி அடர்த்தி ஏறும். ஒரு கட்டத்தில் கீழ்நிலை நிரம்பி அடுத்த நிலையில் லேசர் தாவிவிடும், அலைநீளமே மாறிப்போகும். நீண்ட லேசரில் கிடைத்த முடிவிலியைக் குட்டை லேசருக்கு எடுத்துப் போக முடியாது.

பி-மாசூட்டலைப் பற்றி. துளைகள் சிதறுவதுதான் சிக்கல் என்று மேலே எழுதினேன். அதற்கு மருந்தாகப் புள்ளிகளுக்கு அருகிலேயே ஏற்பிகளை (துளை தரும் வேற்றணுக்கள்) பதித்து முன்கூட்டியே துளைகளை நிரப்பி வைக்கிறார்கள். சிதறினாலும் கீழ்நிலையில் போதிய துளை இருக்கும். இதற்கு விலையும் உண்டு. துளை அதிகமானால் ஓஜே மறுஇணைவு கூடும்: ஒரு எலக்ட்ரானும் துளையும் இணைந்து, வந்த ஆற்றலை ஒளியாக விடாமல் மூன்றாவது ஊர்தியிடம் கொடுத்துவிடும், அது வெப்பமாகப் போகும். அதனால் பி-மாசூட்டிய லேசரின் த்ரெஷோல்டு பொதுவாக மாசூட்டாததைவிட உயரமாகவே தொடங்குகிறது. தட்டையாக இருக்கிறது, ஆனால் உயரத்தில் தட்டையாக இருக்கிறது.

#8 சமன்பாடு

ஓஜே வந்துவிட்டதால் கேட்கிறேன். பாடப்புத்தகப்படி மின்னோட்டத்தை மூன்றாகப் பிரிக்கலாம்: குறைபாடுகள் வழியே போவது அடர்த்தியின் ஒருபடி, ஒளி தருவது இருபடி, ஓஜே முப்படி. ஓஜே கெழு வெப்பநிலையோடு ஏறும் என்றும் படித்திருக்கிறோம். அப்படியானால் சூடு ஏறும்போது ஓஜே கூடத்தானே வேண்டும்? மிச்சிகன் குழுவோ ஓஜே குறைவதால்தான் டி-நாட் முடிவிலி ஆனது என்கிறது. இது எனக்கு உறுத்துகிறது.

#9 மின்துளை

சமன்பாடு, உறுத்த வேண்டிய இடம்தான் அது.

பருப்பொருளில், அதாவது புள்ளியாக அடைக்காத பெரிய படிகத்தில், ஓஜே ஏன் சூட்டோடு ஏறுகிறது? ஆற்றலும் உந்தமும் இரண்டும் காக்கப்பட வேண்டும். அதற்கு ஊர்திகள் பட்டையின் அடியிலிருந்து கொஞ்சம் மேலே இருந்தாக வேண்டும், வெப்பம்தான் அவற்றை அங்கே ஏற்றுகிறது. புள்ளியில் எலக்ட்ரான் ஓரிடத்தில் அடைபட்டிருப்பதால் உந்தம் துல்லியமான எண்ணாக இருப்பதில்லை. அந்தத் தடை பெருமளவு விலகிவிடுகிறது. ஆகவே கெழுவின் நேரடி ஏற்றம் பலவீனமாகிறது. எத்தனை ஊர்திகள் ஒரே புள்ளியில் சேர்ந்திருக்கின்றன என்பதுதான் ஓஜேயைத் தீர்மானிக்கும்.

இப்போது குளிர்கலன் சார் சொன்ன மறுபங்கீட்டை நினைத்துப் பாருங்கள். பெரிய புள்ளிகளில் ஊர்திகள் திரள்வதால், குழி வரும் வரை த்ரெஷோல்டுக்குத் தேவையான மொத்த ஊர்திகள் குறைகின்றன. அந்த வழியே ஓஜேயும் குறையலாம்.

உங்கள் படிக்கணக்கிலும் ஒரு எச்சரிக்கை. புள்ளியில் எலக்ட்ரானும் துளையும் ஜோடியாகவே விழுந்தால் ஒளி தருவதும் ஏறக்குறைய ஒருபடியாகிவிடும். பி-மாசூட்டலில் துளைகள் முன்பே நிறைந்திருப்பதால் அடுக்குகள் இன்னும் கலங்கும். கோட்டின் சாய்வு 3 வந்தது, ஆகவே ஓஜே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடாது.

#10 குளிர்கலன்

சாய்வை மட்டும் நம்ப முடியாது என்பதால்தான் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகக் குழு வேறு கைப்பிடியைப் பிடித்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை அது. வெப்பநிலையை மாற்றினால் எல்லாம் சேர்ந்து மாறும், எது எதனால் என்று பிரிக்க முடியாது. அவர்கள் வெப்பநிலையை அறை அளவிலேயே நிறுத்திவிட்டு லேசரை அழுத்தினார்கள். 12 கிலோபார் வரை, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 12,000 மடங்கு.

அழுத்தினால் ஆற்றல் இடைவெளி விரியும். 1.3 மைக்ரோமீட்டர் புள்ளி லேசரில் ஒரு கிலோபாருக்கு 8.3 மில்லி எலக்ட்ரான்வோல்ட். ஒளி தரும் மறுஇணைவு மட்டும் இருந்தால் ஃபோட்டான் ஆற்றலின் இருபடியாக த்ரெஷோல்டு ஏற வேண்டும். ஓஜே இருந்தால் இடைவெளி விரிய விரிய அது தளரும், த்ரெஷோல்டு இறங்கும். 980 நானோமீட்டர் புள்ளி லேசரில் இருபடிக் கணக்குப்படியே ஏறியது. அதன் டி-நாட் 110 முதல் 130. 1.3 மைக்ரோமீட்டர் லேசரிலோ 26 சதவீதம் இறங்கியது. அதன் டி-நாட் 41. இது 2003-இல் வந்தது. மாசூட்டாத 1.3 மைக்ரோமீட்டர் லேசரின் வெப்ப நடுக்கத்துக்கு ஓஜேயே பெரிய காரணம் என்று அவர்கள் சொன்னது இந்தச் சான்றின் மேல்தான்.

2005-இல் அதே குழு பி-மாசூட்டியதையும் மாசூட்டாததையும் 20 முதல் 370 கெல்வின் வரை ஒப்பிட்டது. தன்னிச்சை உமிழ்வைத் தனியாக அளந்து, மின்னோட்டத்தில் ஒளியானது எவ்வளவு, வீணானது எவ்வளவு என்று பிரித்தார்கள். பிடிபட்ட துளைகள் இரண்டு வேலை செய்வதாக அவர்கள் விளக்கினார்கள். குளிரிலேயே ஓஜேயை மிகவும் தூக்கிவிடுகின்றன. அதோடு தங்கள் நேர்மின்னூட்டத்தால் எலக்ட்ரானை இழுத்துப் பிடித்து அது தப்பிப்பதையும் குறைக்கின்றன. புள்ளிகளுக்கிடையேயான மறுபங்கீடு குளிரிலிருந்து அறை வெப்பநிலைப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. உயர்ந்த டி-நாட் அங்கே கிடைக்கிறது.

தம்பி, உங்கள் வழிகாட்டியின் சுழிப்புக்கு என் பதில் இதுதான். 1982-இல் மறுஇணைவே வெப்பநிலையைக் கண்டுகொள்ளாது என்றார்கள். 2004-இன் லேசரில் ஒளி தருவது, ஓஜே, தப்பித்தல் மூன்றும் வெப்பநிலையோடு நகர்கின்றன, கூட்டுத்தொகை மட்டும் ஓர் எல்லைக்குள் நிற்கிறது.

#11 சமன்பாடு

அழுத்தச் சோதனை எனக்குத் தெரியாது. நன்றி சார். கெழுவை வைத்து நான் வாதிட்டது பருப்பொருள் பழக்கம், ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் விடமாட்டேன். 26 சதவீத இறக்கம் அறை வெப்பநிலையில் எடுத்தது. 85 டிகிரியில் தப்பித்தலின் பங்கு கூடும். அங்கேயும் ஓஜேதான் முதன்மை என்று இந்த ஒரு சோதனையை வைத்துச் சொல்ல முடியாது.

#12 குளிர்கலன்

முடியாது, சரியாகச் சொன்னீர்கள். அதிலும் வெளியே போன ஊர்தி வெட்டிங் லேயரிலும் தடுப்பு அடுக்கிலும் எப்படிச் சாகிறது என்பது வேஃபருக்கு வேஃபர் மாறும்.

#13 நெடுவழி

என் முந்தைய பதிவைத் திருத்திக்கொள்கிறேன். லேசரின் நீளம் மாறினால் டி-நாட் மாறும் என்று மின்துளை எழுதியதைப் படித்ததும் ஒரு பழைய வேதனை நினைவுக்கு வந்தது. ஒரு விற்பனையாளரின் மாதிரி நன்றாக ஓடியது. அதே வேஃபர் என்று சொல்லிக் குட்டையான சிப்பை அனுப்பினார்கள். 70 டிகிரி தாண்டியதும் அலைநீளம் தாவிவிட்டது. இரண்டு மாதம் சாலிடரையும் பொதியையும் சந்தேகப்பட்டோம். இப்போது புரிகிறது, அது இரண்டாம் நிலைக்குத் தாவியிருக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன்: சிலிக்கான் மேல் வளர்த்தால் இதெல்லாம் இன்னும் மோசமாகாதா?

#14 மின்துளை

இடப்பெயர்வுக் குறைபாடுகள் (படிக அடுக்கு பிசகிய இடங்கள்) அங்கே மிக அதிகம், ஒருபடிப் பங்கு கூடும். ஆனால் புள்ளிகளின் நல்ல குணம் அங்கேதான் கைகொடுக்கிறது. ஊர்தி புள்ளியில் பிடிபட்டுக் கிடப்பதால் பக்கவாட்டில் அலைந்து குறைபாட்டைப் போய்ச் சேருவது குறைவு. 2016-இல் லண்டன் யூசிஎல் தலைமையிலான குழு சிலிக்கான் மேல் வளர்த்த புள்ளி லேசரில் சதுர சென்டிமீட்டருக்கு 62.5 ஆம்பியர் த்ரெஷோல்டு காட்டியது. 120 டிகிரி செல்சியஸ் வரை அது ஓடியது. ஆனால் நான் மேலே போட்ட கணக்கை மறக்க வேண்டாம்: சூடு ஏறினால் அந்தப் பிடி தளரும், அலைச்சல் மறுபடி தொடங்கும்.

#15 ஒளித்துகள்

நான்கு நாள் கழித்து வருகிறேன். இங்கே வந்ததை எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு மறுபடி படித்தேன். சுழித்த வரியை இப்படி மாற்றியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

“பி-மாசூட்டிய புள்ளி லேசரில் த்ரெஷோல்டு மின்னோட்டம் மாறாமல் இருப்பது, மறுஇணைவு வெப்பநிலையைச் சாராதது என்பதைக் காட்டவில்லை. புள்ளிகளுக்கிடையே ஊர்திகள் மறுபங்கீடு ஆவதால் ஒளி தரும் பங்கும் ஓஜே பங்கும் மாறுகின்றன. அந்த மாற்றம் தப்பித்தலால் வரும் ஏற்றத்தை ஈடுகட்டுகிறது.”

எங்கள் ஆய்வகத்தில் திரவ நைட்ரஜன் கிரையோஸ்டாட் ஒன்று இருக்கிறது. 80 கெல்வினிலிருந்து அளக்க வழிகாட்டி அனுமதி தந்துவிட்டார்.

#16 குளிர்கலன்

நல்ல செய்தி தம்பி. தொடர் மின்னோட்டத்தில் அளக்காதீர்கள், லேசர் தானே சூடாகி வளைவைக் கெடுத்துவிடும். 500 நானோவினாடித் துடிப்பு, வினாடிக்கு 10,000 தடவை போதும், 0.5 சதவீத நேரமே மின்னோட்டம் ஓடும். வெப்பமானியை லேசர் ஒட்டியிருக்கும் செம்புக் கட்டையிலேயே பொருத்துங்கள். குழி எங்கே வருகிறது என்று பிடிக்க 150 கெல்வினுக்கு மேல் 10 கெல்வின் இடைவெளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் அலைமாலையையும் சேர்த்துச் சேமியுங்கள். பிறகு வேண்டுமென்றால் திரும்ப எடுக்க முடியாது.

உங்கள் வரிகளில் ஒரே திருத்தம். “மாறாமல் இருப்பது” என்பதற்கு முன்னால் “5 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை” என்று சேருங்கள்.

#17 ஒளித்துகள்

சேர்த்துவிட்டேன் சார். திங்கட்கிழமை குளிரூட்டத் தொடங்குகிறோம். வளைவு கிடைத்ததும் இதே இழையில் போடுகிறேன்.